ஹாம்பர்க்கில் இருக்கும் மகனுக்கு, கரூரைப் பற்றி

கரூர்,
ஆடி மாதம்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். உன் அப்பாவின் முழங்கால் வலி எப்போதும் போலத்தான் இருக்கிறது. அதற்காக நீ அங்கிருந்து தைலம் எதுவும் வாங்கி அனுப்ப வேண்டாம்.

போன வாரம் போனில் பேசும்போது, உன் அலுவலகத்தில் ஒவ்வொருவரும் தங்கள் சொந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்ததாகவும், மற்றவர்கள் எல்லோரும் துறைமுகம், கப்பல், மாலுமி என்று பேசியபோது நீ மட்டும் "எங்கள் ஊர் பெட்ஷீட் நெய்கிற ஊர், கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை" என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டதாகவும் சொன்னாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் ஏற்றுமதி அலுவலகத்தில் கப்பல் ஆவணங்களைத் தயாரித்தே வேலைக்காலத்தைக் கழித்தவளுக்கு அந்த இரண்டு வரி தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் நீ இருக்கிற ஊரையே எடுத்துக்கொள்வோம். ஹாம்பர்க் கடற்கரையில் இல்லை. எல்பே ஆறு வடகடலில் கலக்கும் இடத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே வந்தால்தான் உன் ஊர் வருகிறது. ஆனாலும் 1189ஆம் ஆண்டில் பிரெடெரிக் பார்பரோசா மன்னர் கொடுத்ததாகச் சொல்லப்படும் வரிச்சலுகையைத் துறைமுகத்தின் பிறந்தநாளாக வைத்து, ஒவ்வொரு மே மாதமும் கொண்டாடுகிறார்கள். கடலின் ஏற்றவற்றம் ஆற்றின் வழியாக ஊர் வரைக்கும் வருவதாலும், ஆற்றின் அடியை ஓயாமல் தூர்வாரிக்கொண்டே இருப்பதாலும், பெரிய கப்பல்கள் உள்ளே வர முடிகிறது. ஆகவே ஓர் ஊர் கடலோடு உறவு கொள்ள வேண்டுமானால் அலை அடிக்கிற இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதி கிடையாது. அந்த ஊரில் சம்பளம் வாங்கிக்கொண்டு நீ இதை மறந்தாயே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். "கரூரில் ரோமானியக் கப்பல்கள் வந்து நின்றன" என்று சிலர் மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அதை நம்பி நீ அங்கே போய்ச் சொல்லிவிடாதே. நம் அமராவதியில் கடற்கப்பல் வந்திருக்க வழியில்லை. ஆனைமலைக்கும் பழனி மலைக்கும் இடைப்பட்ட காட்டில் பாம்பாறு, சின்னாறு, தேனாறு ஆகியவை சேர்ந்து உருவாகி, உடுமலை, தாராபுரம் வழியாக வறண்ட மேட்டு நிலத்தில் வடகிழக்காக ஓடி, நம் ஊரைத் தொட்டுக்கொண்டு திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கிற ஆறு இது. மழைக்காலத்தில் கரை புரளும்; கோடையில் மணல் மட்டும் கிடக்கும். காவிரியிலேயே நம் பக்கத்தில் பரிசல்தான் ஓடியது. பாறையும் மணல் திட்டும் நிறைந்த ஆற்றில் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. உன் ஊருக்குக் கப்பலையே ஆறு கொண்டுவந்தது. நம் ஊருக்குக் கப்பலின் சரக்கு வண்டியில் வந்தது. அந்த வண்டிகளுக்குத் தண்ணீரும், தங்குமிடமும், விற்கச் சந்தையும் கொடுத்ததுதான் இந்த ஆறு.

ஏன் வண்டி வந்தது என்பதற்கு நிலப்படத்தைப் பார்க்க வேண்டும். மேற்கே நீலகிரியும் ஆனைமலையும் மதில் போல நிற்கின்றன. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும் அந்த மதிலில்தான் இருக்கிறது. அந்த மதிலில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரே ஒரு திறப்பு. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் நம் வீட்டு மாடியில் துணி காயப்போட்டால் கொடியோடு பறக்கிறதே, உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகள் சுற்றுகின்றனவே, அந்தக் காற்று இந்தத் திறப்பின் வழியாகத்தான் வருகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று உன் அம்மாயி சொல்வது இந்தக் காற்றைத்தான். இதே தென்மேற்குக் காற்றுதான் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் செங்கடலிலிருந்து கப்பல்களை அரபிக்கடலின் குறுக்கே தள்ளிக்கொண்டு வந்தது. ரோமானிய எழுத்தாளர் பிளினி, செங்கடல் வாயிலில் உள்ள ஓகேலிஸ் துறையிலிருந்து புறப்பட்டால் 40 நாளில் சேர நாட்டுத் துறைமுகமான முசிறியை அடையலாம் என்று எழுதியிருக்கிறார். எகிப்திலிருந்து கோடையின் நடுவில் கிளம்பி இங்கே வந்து, மார்கழி வாக்கில் காற்று திசை மாறியதும் திரும்பிப் போவார்கள். கப்பலைக் கரைக்குக் கொண்டுவந்த காற்றே மலையின் திறப்பு வழியாகக் கொங்கு நாட்டுக்குள்ளும் வீசுகிறது. சரக்கும் அதே திறப்பு வழியாகத்தான் வந்தது.

முசிறியும் ஓர் ஆற்றங்கரை ஊர்தான். பேரியாற்றின் கழிமுகத்தில் இருந்தது. யவனர்களின், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர்களின், கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பின என்று அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. புறநானூற்றின் 343ஆம் பாட்டு இன்னும் நுட்பமானது. கப்பல் கொண்டுவந்த பொன்னைக் கழித் தோணிகளில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள் என்று பரணர் அதில் பாடுகிறார். பெரிய கப்பல் வெளியே நிற்க, சிறிய தோணி உள்ளே வந்து போகிறது. தூத்துக்குடியிலிருந்து சின்னக் கப்பலில் கொழும்புக்குப் போய் அங்கே பெரிய கப்பலில் ஏறுகிற நம் கன்டெய்னர்களுக்காக ஆயிரக்கணக்கில் தாள் நிரப்பிய எனக்கு, பரணர் நம் தொழிலைச் சேர்ந்தவர் என்றே தோன்றும். கொடுங்கல்லூருக்குப் பக்கத்தில் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் அகழாய்வு நடத்தியவர்கள், ஒற்றை மரத்தில் குடைந்த தோணியையும், அதைக் கட்ட நட்ட தேக்குக் கட்டைகளையும், செங்கல் படித்துறையையும், மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகளையும், மிளகையும் கண்டெடுத்தார்கள். முசிறி அந்த இடம்தான் என்று பலரும் கருதுகிறார்கள்.

அங்கிருந்து கீழைக் கடற்கரைக்குப் போக வேண்டிய சரக்குக்குக் குமரிமுனையைச் சுற்றுவது ஒரு வழி. ஆனால் ராமேசுவரத்துக்கும் இலங்கைக்கும் நடுவில் கடல் ஆழமில்லாமல் மணல் திட்டாக இருப்பதால் பெரிய கலம் அந்த வழியில் போக முடியாது. இலங்கையையே சுற்ற வேண்டும். கணவாய் வழியே மாட்டுவண்டியில் போனால் சமவெளியிலேயே காவிரிக்கு வந்துவிடலாம். முசிறியிலிருந்து கரூருக்குத் தரை வழி 250 கிலோமீட்டருக்குக் குறையாது. அந்தக் காலத்து வண்டிக்காரர்களைப் பற்றி ஔவையார் ஒரு செய்தி சொல்கிறார். உப்பு விற்கும் உமணர்கள், மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக, வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களாம் (புறநானூறு 102). லாரிக்கு ஸ்டெப்னி கட்டுவது நமக்குப் புதிதில்லை. காங்கேயம் காளையின் முன்னோர்கள் அந்த வண்டிகளை இழுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். நினைப்புதான், ஆதாரம் கேட்காதே.

இந்தப் பாதை கற்பனைப் பாதை இல்லை. கோவைக்கு மேற்கே, கணவாய் தொடங்கும் மலையடிவாரத்தில், சோழர் காலத்தில் இதற்கு 'இராசகேசரிப் பெருவழி' என்று பெயரிட்டுப் பாறையில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. தமிழிலும் வட்டெழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள். வெள்ளலூர், பூதிநத்தம், பொள்ளாச்சி, கத்தாங்கண்ணி என்று இந்த வழி நெடுகிலும் ரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு கிடைத்த ஒரு புதையலில் மட்டும் 500க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இருந்தன. இன்று கோவையில் தொடங்கிப் பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில், கரூர், திருச்சி வழியாகச் சிதம்பரம் போகிறதே 81ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, அது ஏறக்குறைய அதே திசையில்தான் ஓடுகிறது. நீ கல்லூரிக்குப் போகும்போது பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்த வழி அது.

வழியில் உள்ள கொடுமணலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதத் தோன்றுகிறது. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில், இன்று போய்ப் பார்த்தால் சோளக்காடும் ஆட்டுப்பட்டியுமாகத் தெரிகிற ஊர் அது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில் கிழாரும் 'கொடுமணம்' என்று பாடிய தொழிலூர் அதுதான் என்பது அறிஞர்கள் கருத்து. இரண்டு புலவருமே கொடுமணத்தையும் பந்தர் என்ற துறைமுகத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாடுகிறார்கள். நகை கொடுமணத்தில் செய்தது, முத்து பந்தரில் இறங்கியது. உள்நாட்டுப் பட்டறையும் கடற்கரைத் துறையும் ஒரே மூச்சில் பேசப்படுவதை நீ கவனிக்க வேண்டும். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்தது. இரும்பு உருக்கிய உலைகளும், எஃகு செய்த மூசைகளும், கல்மணிகளை அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய பட்டறைகளும் வெளிப்பட்டன. செய்து முடித்த மணி, பாதியில் துளை உடைந்து தூக்கி எறிந்த மணி, அறுக்காத மூலக்கல் ஆகிய எல்லாமே கிடைத்ததால்தான் அங்கேயே தொழில் நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. வீணான சரக்கைப் பார்த்தால் ஆலை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும் என்பது நம் ஊர்த் தறிப்பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்குத்தானே.

கல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கும். பச்சைக்கல் பக்கத்திலேயே காங்கேயம் படியூரில் கிடைத்தது. ஆங்கிலேயர் காலத்திலும் 1819–20இல் ஒருவர் அங்கே சுரங்கம் தோண்டிக் கல் எடுத்திருக்கிறார். நீலக்கல் சிவன்மலைப் பக்கத்திலிருந்தும், பளிங்குக் கல் வெங்கமேடு, அரசம்பாளையம் பக்கத்திலிருந்தும் வந்தன. ஆனால் சூதுபவளம் என்ற சிவப்புக் கல் குஜராத்திலிருந்தும், லாபிஸ் லாசுலி என்ற கருநீலக் கல் ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்தும் வந்திருக்கின்றன. வெளியூர் மூலப்பொருளை வரவழைத்து, உள்ளூர்க் கைத்திறனைச் சேர்த்து, மறுபடி வெளியூருக்கு அனுப்புவது ஏற்றுமதித் தொழிலின் அடிப்படை. குஜராத்துப் பஞ்சில் நூல் நூற்று, கரூரில் நெய்து, ஹாம்பர்க்குக்கு அனுப்புகிற நாம் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. கொடுமணலில் தமிழி (பழைய தமிழ்ப் பிராமி) எழுத்துகள் பொறித்த பானையோடுகள் 500க்கு மேல் கிடைத்திருக்கின்றன. வணிகர் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்ற சொல் ஒன்றில் இருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். அகநானூறு 93ஆம் பாட்டில் நக்கீரர், தலைவன் தலைவியைத் தழுவப்போகும் முறைகளுக்குக் கணக்காக, கருவூர்த் துறையில் ஆன்பொருநை குவித்த மணலைச் சொல்கிறார். அந்தக் கருவூர்தான் நம் கரூர், அந்த ஆன்பொருநைதான் அமராவதி. அவர் பாடிய அந்த மணலில்தான், பிற்காலத்தில் ஆற்று மணலைச் சலித்துப் பொன் துகள் தேடியவர்கள் கைக்கு ரோமானியக் காசுகளும், கிரேக்கக் காசுகளும், பொன் மோதிரங்களும், சேரர் காசுகளும் அகப்பட்டன. இவற்றில் 'மாக்கோதை' என்று பெயர் பொறித்த வெள்ளிக் காசைப் படத்தில் பெரிதாக்கிப் பார். பக்கவாட்டில் திரும்பிய ஒரு தலை. அதைச் சுற்றித் தமிழி எழுத்தில் பெயர். ரோமாபுரிப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகளில் தலை எப்படிச் செதுக்கப்பட்டிருக்கிறதோ அதே பாணி. வந்த காசைப் பார்த்து, இதே போல நம் பெயரிலும் அடிக்கலாம் என்று ஒரு சேர அரசனோ அவனுடைய அக்கசாலையில் இருந்த ஒரு கம்மியனோ நினைத்திருக்கிறார். 'கொல்லிப்புறை', 'குட்டுவன் கோதை' என்ற பெயர்களிலும் காசுகள் கிடைத்தன. 1973இல் தொடங்கிய கரூர் அகழாய்வுகளிலும் ரோமானியச் சாடித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. தாலமி என்ற கிரேக்கப் புவியியலார், 'கரூரா' என்று நம் ஊரை உள்நாட்டு நகரங்களின் வரிசையில் வைத்து, அது சேர அரசனின் தலைநகர் என்று குறிப்பு எழுதியிருக்கிறார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்திருந்த ஒருவருக்குத் தெரிந்த ஊரை நீ இரண்டு வரியில் முடித்துவிட்டாய்.

வேலாயுதம்பாளையத்தில் நாம் முருகனைக் கும்பிடப் போவோமே, அந்த ஆறுநாட்டார் மலையின் குகைத்தளத்தில் சமண முனிவர்களுக்காகக் கல்லில் வெட்டிய படுக்கைகள் இருக்கின்றன. யாற்றூர்ச் செங்காயபன் என்ற துறவிக்காக, செல்லிரும்பொறையின் பேரனான இளங்கடுங்கோ இளவரசனாகும்போது வெட்டிக் கொடுத்தது என்று ஒரு கல்வெட்டு மூன்று தலைமுறைச் சேரர்களைச் சொல்கிறது. எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது பக்கத்தில் உள்ள சின்னக் கல்வெட்டு: கருவூரைச் சேர்ந்த பொன் வாணிகன் நத்தி என்பவர் செய்து கொடுத்த இருக்கை என்று அதில் இருக்கிறது. அரசர்களின் பெயரைப் புலவர்கள் காப்பாற்றினார்கள். ஒரு கடைக்காரர் தன் பெயரைத் தன் செலவிலேயே காப்பாற்றிக்கொண்டார்.

நான் வேலை செய்த காலத்தில் இதைத் தெரிந்திருந்தால் அலுவலகச் சுவரில் மாட்டியிருப்பேன் என்று நினைக்க வைக்கிற ஆவணம் ஒன்று, உனக்குப் பக்கத்தில், வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பாப்பிரஸ் தாளில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடன் ஒப்பந்தம் அது. முசிறிக் கடன் ஒப்பந்தம் என்கிறார்கள். ஒரு பக்கத்தில் நிபந்தனைகள். செங்கடல் துறையில் சரக்கு இறங்கியதும் நம்பகமான ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்துப் பாலைவனம் கடத்தி, கோப்தோஸ் ஊரில் அரசுக் கிடங்கில் முத்திரையிட்டு வைத்து, பிறகு நைல் ஆற்றில் படகேற்றி அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுபோய், அங்கே நான்கில் ஒரு பங்கைச் சுங்கமாகக் கட்டுவது வரை எழுதியிருக்கிறார்கள். மறுபக்கத்தில் ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்புக் கணக்கு. கங்கைக்கரை நளதம் என்ற வாசனைப் பொருள், யானைத் தந்தம், துணி என்று பொருள், அளவு, விலை, மொத்தம். சுங்கம் 25 சதவீதம் என்பதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது; இங்கே அரை சதவீதம் சலுகை குறைந்தாலே முதலாளிகள் டெல்லிக்குப் போவார்கள்.

அந்தக் காகிதத்தை நான் ஏன் இவ்வளவு நேசிக்கிறேன் என்று உனக்குப் புரியும். எல்.சி., இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங் என்று நான் நாள் முழுவதும் பார்த்தவற்றின் சாரம் எல்லாம் அதில் இருக்கிறது. சரக்கு யார் பொறுப்பில் இருக்கிறது, எந்த இடத்தில் யார் முத்திரை வைக்கிறார், கடன் அடையும் வரை உரிமை யாருக்கு என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதினால் அதுதான் கப்பல் ஆவணம். ஒரு முறை கன்டெய்னரின் சீல் எண்ணில் ஒரு இலக்கம் மாறிவிட்டதால், சுங்கத் தரகர் ஒருவர் சரக்கைத் துறைமுகத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டார், வெசல் போய்விட்டது. தப்பு அவர் பக்கம். திட்டு எனக்கு. கோப்தோஸ் கிடங்கில் முத்திரை வைத்த எழுத்தருக்கும் இப்படி ஒரு நாள் வாய்த்திருக்கும்.

சரக்கு மட்டும் போகவில்லை, ஆட்களும் போனார்கள். எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் கதீம் என்ற பழைய துறையில் கண்டெடுத்த பானையோடுகளில் கணன், சாதன் (சாத்தன்) என்ற பெயர்களும், 'பானை ஒறி' (பானை வைக்கும் உறி) என்ற சொற்களும் தமிழியில் இருக்கின்றன. பெரெனிகே என்ற இன்னொரு துறையில், கோயில் ஒன்றில், இந்தியச் சாடிக்குள் ஏழு கிலோவுக்கு மேல் மிளகு அப்படியே கிடைத்தது. சாத்தன் எந்த ஊர்க்காரனோ. நம் பக்கத்துப் பெயர்தான்.

உடனே நீ "சேரர் தலைநகரான வஞ்சி என்பது கரூரா கொடுங்கல்லூரா" என்று கேட்பாய். கேட்காவிட்டாலும் உன் மாமா கேட்பார். நூறு ஆண்டுகளுக்கு மேலாக இரண்டு பக்கமும் பெரிய அறிஞர்கள் வாதாடிவிட்டார்கள். என் வரைக்கும், சேரர்களில் ஒரு கிளை கடற்கரையையும் இன்னொரு கிளை கணவாய்க்கு இந்தப் பக்கத்தையும் ஆண்டிருந்தால் இரண்டு இடத்திலும் அரண்மனை இருந்ததில் வியப்பு இல்லை. மிளகும் கப்பலும் அந்தப் பக்கம். இரும்பும் கல்மணியும் காவிரி வழியும் இந்தப் பக்கம். இரண்டையும் கையில் வைத்திருந்தவனுக்குத்தான் யவனரின் பொன் முழுமையாகக் கிடைத்திருக்கும். ஆகவே இது எந்த ஊருக்குப் பெருமை என்ற சண்டையாகப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஒரே வணிகத்தின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறார்கள்.

மூன்றாவது முனை கிழக்கே இருந்தது. கரூரிலிருந்து காவிரியைப் பிடித்துக்கொண்டே போனால் சோழர்களின் உறையூர். அதற்கும் அப்பால் ஆறு கடலில் சேரும் இடத்தில் காவிரிப்பூம்பட்டினம். கடல் வழியே வந்த குதிரைகளும், தரை வழியே வந்த மிளகு மூட்டைகளும் அங்கே குவிந்து கிடந்தன என்கிறது பட்டினப்பாலை. அந்த மூட்டைகளில் எத்தனை நம் ஆற்றுத் துறையில் ஓர் இரவு தங்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் போயிருக்கும் என்பதை நீயே யோசித்துப் பார். மாயனூருக்குப் பக்கத்தில் மதுக்கரைச் செல்லாண்டியம்மன் கோயில் இருக்கும் இடம் சேர, சோழ, பாண்டிய நாடுகள் மூன்றும் சந்தித்த எல்லை என்று சொல்வார்கள். எல்லை என்றால் சண்டை மட்டும் இல்லை, சுங்கமும் சந்தையும் கூடத்தான்.

ரோமாபுரியின் வணிகம் சுருங்கிய பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முசிறித் துறை தூர்ந்தது. 1341இல் பேரியாற்றில் வந்த பெருவெள்ளம் அதன் கதையை முடித்து, கொச்சியின் வாயைத் திறந்துவிட்டது என்று பரவலாகச் சொல்கிறார்கள். கரூர், கோயிலும் கோட்டையுமாக இருந்து, மைசூர்க்காரர்களும் கிழக்கிந்தியக் கும்பினியாரும் மாறி மாறிப் பிடித்த எல்லை ஊராகி, 1860களில் ரயில் வந்த பிறகு மறுபடி வியாபார ஊரானது. 1916இல் கரூர் வைசியா வங்கியும், 1926இல் லட்சுமி விலாஸ் வங்கியும் இந்தச் சிறிய ஊரில் பிறந்ததே, பணம் புழங்கிய ஊர் என்பதற்குச் சாட்சி.

இப்போதைய கதை உனக்கே தெரியும் என்றாலும், அதைக் கடலின் பக்கத்திலிருந்து பார்த்திருக்க மாட்டாய். இங்கே தறியில் இறங்கும் படுக்கை விரிப்பும், சமையலறைத் துண்டும், திரைச்சீலையும், கன்டெய்னரில் ஏறி, 44ஆம் எண் நெடுஞ்சாலையில் திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடி போய், பெரும்பாலும் கொழும்பில் மாற்றிக் கப்பலேறி, வழக்கமாகச் செங்கடலும் சூயஸும் கடந்து, உன் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற கிரேனில் இறங்குகின்றன. கடலில் ஓடிய வழி ஹெர்மபோலோன் போன அதே வழி. 2023இன் கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கி, பெரிய கப்பல் கம்பெனிகள் எல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தபோது, வாடகை ஏறியது, சரக்கு சேரும் நாள் தள்ளிப்போனது. நம் தெருவில் தறி ஓட்டுகிறவர்கள் கூட டீக்கடையில் ஏடன் வளைகுடாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடலுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை, கண்ணு. நம் ஊரில் 'லைட்ஹவுஸ் கார்னர்' என்று ஓர் இடத்துக்குப் பெயர் வைத்திருக்கிறோமே என்று நீ கேலி செய்வாய். கேலி செய்துகொள்.

ஆற்றைப் பற்றி நல்ல செய்தி சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. 1957இல் மேலே அமராவதி அணை கட்டிய பிறகு தண்ணீர் கணக்குப்படிதான் வருகிறது. பாசனத்துக்கு அது தேவையாகவும் இருந்தது. ஆனால் மணல் போனதும் சாயம் வந்ததும் தேவையினால் இல்லை. நொய்யலில் ஒரத்துப்பாளையத்தில் 1992இல் கட்டிய அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, விவசாயிகளே வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு வந்தது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரைக்கும் விஷயம் போனது. கல்மணிக்கு மெருகேற்றிய கொடுமணல் அந்த அணைக்கு அருகிலேயே இருக்கிறது. ஏற்றுமதியில் சோறு தின்ற குடும்பம் நம்முடையது. ஆகவே அடுத்தவரைக் கைகாட்டிவிட்டுப் பேச எனக்கு வாய் இல்லை. ஆனாலும் மணலை லாரி லாரியாக அள்ளியவர்கள் மீது எனக்குத் தனிக் கோபம் உண்டு. சலித்துப் பார்த்திருந்தால் வரலாறாகியிருக்க வேண்டியது, எத்தனையோ வீட்டுச் சுவர்ப் பூச்சுக்குள் போய்விட்டது.

நீ தை மாதம் வரும்போது பொங்கல் முடிந்த மறுநாள் வேலாயுதம்பாளையம் போகலாம். குகைத்தளத்துக்கு ஏறுவதற்கு உன் அப்பாவால் முடியாது. அவர் அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார். அடுத்த நாள் காங்கேயம் வழியாகக் கொடுமணல். கரூர்த் தொல்லியல் அகழ்வைப்பகத்தை இடையில் ஒரு வேலை நாளில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் உனக்கு விடுமுறை கிடைத்தால் வியன்னாவுக்கு ரயில் ஏறி, அந்தப் பாப்பிரஸைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்களா என்று நூலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போ. பார்க்க விட்டால், மறுபக்கத்துக் கணக்கில் துணிக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு எழுது. அந்தக் கால விலையை இப்போதைய விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஆசை.

நெய் பாட்டிலை உன் நண்பன் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மூடியைச் சரியாக மூடி வை.

அன்புடன்,
அம்மா